அரை மாத்திரை

கெய்சர் வீதியில் புடைவைக் கடை.
கழிவறைச் சாவி முதலாளி மேசைக்குப் பின்னால்
ஆணியில் தொங்கும்.
கேட்டால் கொடுப்பார், குறை சொல்லமாட்டேன்.
கேட்கும்போது கடையில் நிற்கிற ஆம்பிளைகள்
துணியை விட்டுவிட்டுச் சாவியைப் பார்ப்பார்கள்.
அதனால் காலையில் தேத்தண்ணீர் குடிப்பதில்லை.
பதினாலு வருசம்.

எரிகிறது என்று போனால்
ஆமர் வீதி டிஸ்பென்சரியில்
அரை மாத்திரை தருவார்கள், மூன்று வேளைக்கு.
சூடு, இளநீர் குடி.
இளநீர் குடித்தால் சாவி கேட்க வேண்டும்.

பிறகு ஒருநாள்
ஒருத்திக்கு ஜோர்ஜட் விரித்துக் காட்டுகையில்
கால் வழியே இறங்கியது.
நான் விடவில்லை. அதுவாக.
அன்றிலிருந்து நிற்கவேயில்லை.
வெட்டுத்துண்டுகளை மடித்து வைத்தேன்.
பருத்தி நல்லது, பொலியெஸ்டர் உறிஞ்சாது.
கிராண்ட்பாஸ் வரைக்கும் பஸ்ஸில்
இடம் கிடைத்தாலும் உட்காரமாட்டேன்.

பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள்.
டாக்டர் விஜேகோனுக்குத் தமிழ் வராது.
என் சிங்களம் கடைக்குப் போதும்:
மீற்றர், விலை, சாயம் போகாது.
அவர் படத்தைத் தட்டி
'கல' என்றார்.
'கல்' என்றேன்.
இருவரும் ஒரே சொல்லைத்தான் சொன்னோம்,
அரை மாத்திரைதான் கூடக்குறைய.
எட்டாம் வகுப்பு இலக்கணம்
இதற்கா உதவ வேண்டும்.

வாத்து முட்டையைவிடப் பெரிது.
வழி அடைபட்டு
இரண்டு சிறுநீரகமும் தண்ணீர் கோத்து வீங்கியிருந்தன.
உரசி உரசிப் பையின் சுவர் தேய்ந்து
பெண்வழியோடு ஒரு துளை.
அபூர்வம் என்றார்.
மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.
அதைவிட அபூர்வம் கல்லுக்கு நடுவே
வெள்ளையாய் ஓர் எழுத்து.
'டீ' என்றாள் மிஸி திலகேஸ்வரி.
மஸ்கெலியா இங்கேயும் வந்துவிட்டதா
என்று சிரித்தேன்.
வேறு யாரும் சிரிக்கவில்லை.

லூப்.
மூத்தவள் பிறந்த ஆறாம் மாதம்
தோட்டத்து ஆஸ்பத்திரியில்
வரிசையாய்ப் படுக்க வைத்துப் போட்டது.
உன்னைக் கேட்டுத்தான் போட்டார்களா
என்று மிஸி கேட்டாள்.
யோசித்தேன்.
கேட்கிற வேலை எப்போதும் என்னுடையதாகத்தான் இருந்தது.
கவிராஜ் வயிற்றில் வந்தபோது
'அது எங்காவது விழுந்திருக்கும்' என்றார்கள்.
விழவில்லை.
சுவரைத் துளைத்துப் பக்கத்து அறைக்குப் போய்
இருபத்தொரு வருசமாய் உப்புச் சேர்த்திருக்கிறது.

லேசரால் உடைக்கிற பருமன் இல்லையாம்.
முதுகில் ஊசி.
இடுப்புக்குக் கீழே நான் இல்லை.
பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம்
தொப்புளுக்குக் கீழே திறந்தார்கள்.
இந்தப் பக்கம்
என்ன ரகம் என்று பார்த்துக் கிடந்தேன்.
பொப்ளின். நூறு தரம் அவித்தது.
கல் சுவரோடு ஒட்டிக் கிடந்ததால் நேரமெடுத்தது.
யாரோ இடுக்கி மாற்றினார்கள்.
தட்டில் ஒரு சத்தம்.
இரண்டு பிரசவத்திலும் அழுகையைக் கேட்டவள்,
இதற்கும் கொஞ்சம் காத்திருந்தேன்.

இருநூற்றுப் பத்துக் கிராம்.

பின்னேரம் கவிராஜ் வந்தான்,
கையில் ஹெல்மெட், சேர்ட் முழுக்க வியர்வை.
யோகட் கோப்பைக்குள் கிடந்ததைத் தூக்கிப் பார்த்து
'இது என்னைவிட மூத்ததா?'
ஒரு வயது, என்றேன்.
மூடியைப் போட்டான்.
பிறகு திறந்து மறுபடி பார்த்தான்.

துளையை இப்போது தைக்க மாட்டார்களாம்.
புண் ஆறி, மூன்று மாதம் போக வேண்டும்.
சுவரில் கிள்ளிய சதை
புற்றா என்று பார்க்கப் போயிருக்கிறது,
பதில் வர இரண்டு கிழமை.
முதலாளி ஒரு பெட்டி பால்மா அனுப்பியிருந்தார்,
எப்போது வருவாய் என்று எழுதி.

வாட்டு முழுக்கத் தூங்குகிறது.
கட்டிலில் தொங்கும் பையைப் பார்க்கிறேன்.
குழாய் வழியே
மஞ்சளாய், இன்னும் கொஞ்சம் சிவப்பாய்
யாரிடமும் சாவி கேளாமல் சொட்டுகிறது.
இரவு மிஸி டோர்ச் அடித்து அளவு பார்த்தாள்.
தண்ணீர் குடித்தாயா?
குடித்தேன்.
இன்னொரு கோப்பை தா.